பதினாலாம் நம்பர்

ராஜம்மா வாயைத் திறந்தால் அமலாவின் மகள் நர்ஸ் படிப்பில் சேர முடியாது. 1991 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஸ்ரீபெரும்புதூரில் தாயாரம்மாள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதைத்தான் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தாயாரம்மாள் நடத்துவது ஏலச்சீட்டு. இருபது பெண்கள், மாதம் ஆளுக்கு நூறு ரூபாய். சேரும் இரண்டாயிரத்தில் யார் அதிகமாகத் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்கு மீதிப் பணம்; தள்ளிய தொகையை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். நான் சென்னையில் பொருளாதாரம் கற்பிப்பவள். யார் யாரிடம் கைமாற்று கேட்கிறார்கள், எப்படிப் பேரம் பேசுகிறார்கள், ஒருத்தி நொடித்தால் எத்தனை பேர் சேர்ந்து சாய்வார்கள் என்று எட்டு மாதமாக இவர்களைத் துருவிக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி முறைப்படி பெயர் கிடையாது; ஆளுக்கொரு நம்பர், யார் யாருக்குக் கடன் என்று காட்ட நடுவில் கோடுகள். அவர்களுக்கு நான் டீச்சரம்மா.

அமலா ஏழாம் நம்பர். அவள் கணவன் வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டி மூன்று மாதம் ஆகிறது. மகளைச் சேர்க்க ஆயிரத்துத் தொள்ளாயிரம் கட்ட வேண்டும்; நாளைதான் கடைசி நாள். நூறு ரூபாய்க்கு மேல் அவளால் தள்ள முடியாது. பதினாலாம் நம்பர் ராஜம்மாவுக்கோ அடைமழைக்கு முன்னால் கூரை மாற்றியாக வேண்டும். ஐந்நூறு வரை தள்ளுவேன் என்று போன மாதம் என்னிடமே சொல்லியிருந்தாள். என் சூத்திரப்படி அமலா தோற்பது உறுதி.

“கேக்கறவங்க கேளுங்க,” என்றாள் தாயாரம்மாள்.

“பத்து ரூபா,” என்றாள் அமலா. குரலே எழும்பவில்லை.

ராஜம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்த அத்தனை பேருக்கும் திடீரென்று அந்தப் பல்லிதான் முக்கியமாகப் போய்விட்டது. தாயாரம்மாள் மூன்று தரம் சொல்லி, சீட்டை அமலாவுக்கே முடித்தாள்.

அசடு வழிந்தது நான்தான். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் இப்படியே பத்து ரூபாயில் முடிந்திருந்தன. ‘பணத் தேவை குறைவு, போட்டி இல்லை’ என்று எழுதி, கருத்தரங்கில் மேசையைத் தட்டி வேறு பேசியிருந்தேன். மூன்றாம் மாதம் எடுத்தவள் முனியம்மாள், கணவனுக்கு ஆபரேஷன். ஆறாம் மாதம் லீலா, வீட்டில் சாவு. எல்லாம் என் நோட்டிலேயே இருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

“ஏன் ராஜம்மா, நீ கேக்கல? கூரை வேண்டாமா?” என்றேன்.

“வோணும்தான். நேத்தே கொழாயாண்ட பேசி முடிச்சிட்டோம் டீச்சரம்மா. அடுத்த மாசம் எனுக்கு இவுங்க வாயத் தெறக்க மாட்டாங்க.”

“யாராவது திறந்துட்டா?”

“தெறந்துட்டு, மறுநாளு அதே கொழாயாண்ட கொடத்தத் தூக்கினு வந்து நிக்கணுமே!”

கூடமே சிரித்தது. அமலா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தன் ஆராய்ச்சி கவிழ்ந்ததற்காகப் பெருமைப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

“என் கட்டுரை டில்லி வரைக்கும் போகும். பதினாலாம் நம்பர் செஞ்சது இதுன்னு எழுதப் போறேன்,” என்றேன்.

ராஜம்மாவின் சிரிப்பு நின்றது. “பதினாலா? நானா? கூரைய வுட்டுக் குடுத்தது நம்பராம்மா? குடு இப்டி.”

என் நோட்டையும் பேனாவையும் பிடுங்கி, நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு எழுதத் தெரிந்தது தன் கையெழுத்து ஒன்றுதான். இந்த மாதத் தள்ளுக்காக நான் போட்டிருந்த சின்னக் கட்டத்தில், பேனாவை அழுத்திப் பிடித்து ‘ரா’ போட்டாள். எழுத்து பெரிது. மற்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்க்க, ‘ஜம்மா’ கட்டத்துக்குள் அடங்காமல், இன்னும் காலியாக இருந்த அடுத்த மாதத்துக் கட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.