பஸீரின் இடப்பக்கம்

பஸீருடைய இடப்பக்கத்தில் நிற்கிற ஆளும் வைக்கிற பொருளும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. மாத்தளைப் பக்கத்துப் பலாபத்வலயில் இது மிளகு விலையைப் போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆரம்பத்தில் சிலர் பயந்தார்கள். பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிக்கிற பிள்ளைகள் அங்கே போய் ஒளிந்துகொள்ளப் பழகினார்கள். தொழுகை வரிசையில் ஓர் ஆள் குறைகிறதே என்று கேட்டவர்களிடம், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தொழுகை செல்லும் என்று இமாம் சொல்லிவிட்டார். அத்தோடு பேச்சு அடங்கியது.

எல்லாம் ஒரு தொப்பியால் வந்தது. மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் பஸீர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டபோது, மனைவி றாபியாதான் ஹெல்மெட்டைப் பறித்து ஆணியில் மாட்டினாள். அவள் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்த தொப்பி மடங்கிவிடுமாம். ஜும்ஆ நேரத்தில் தொப்பியைக் கண்டால் பொலிஸ்காரரும் மறிப்பதில்லை. ஊரே அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தது. அலுவிகாரை வளைவில் மணல் சறுக்கித் தலை அடிபட விழுந்தவர், எழும்பிச் சாரத்தைத் தட்டிவிட்டு, போய்த் தொழுது, வீட்டுக்கு வந்து சோறும் தின்றார். "தல கொஞ்சம் வலிக்குது" என்றார். "ஒறங்குங்க, சொகமாகும்" என்றாள் றாபியா. பின்னேர அஸர் தொழுகைக்கு எழுப்பியபோது அவர் எழும்பவில்லை.

கண்டியில் மண்டையைத் திறந்து இரத்தக்கட்டியை எடுத்தார்கள். யாழ்ப்பாணத்து டாக்டர் சந்திரவதனா றாபியாவை இருத்தி விளங்கப்படுத்தினார். "மூளையின்ர வலப்பக்கம் நசிஞ்சு போச்சுது, அம்மா. கண்ணிலை ஒரு பிழையும் இல்லை. ஆனா இடப்பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறதை அவர் மறந்திட்டார். முன்பக்கத்திலையும் அடி. அதாலை வாயிலை வாறதை அப்பிடியே கதைப்பார். கோவிக்காதேங்கோ."

அப்படியேதான் நடந்தது. பஸீர் தாடியில் வலப்பாதியை மட்டும் வழித்தார். பீங்கானில் இடப்பாதிச் சோறு அப்படியே கிடக்க, பசிக்கிறது என்றார். சாவு விழுந்த மய்யித்து வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு ஹாஜியாரை நடுக்கடைத்தெருவில் ஆட்டுக்கடா என்றார். அவர் மறந்துபோன பக்கம் கொஞ்ச நாளில் ஊருக்கும் இல்லாமற் போகும் என்பதை மட்டும் டாக்டர் சொல்லவில்லை.

றாபியாவுக்கு அது மாத்தளை பஸ் நிலையத்தில் தெரியவந்தது. கிளினிக்குக்குப் போகும் வழியில் அவளோடு கூடப் படித்த பஸ்லா எதிரே வந்து, "பஸீர் நானா, தனியாவா வந்தீங்க?" என்று பஸீரிடம் கேட்டாள். இடப்பக்கத்தில் அவருடைய கையைப் பிடித்தபடி நின்ற றாபியா வாயைத் திறக்கவில்லை. இனி அவருடைய பேச்சுக்கு ஊர் முன்னால் தலைகுனிய வேண்டாம், அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததே என்று வீட்டுக்கு வந்து அழுதாள். அழுதவள் மறுநாளும் இடப்பக்கமாகவே நடந்தாள்.

வருஷங்கள் போயின. சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள், சோற்றை வலப்பக்கம் தள்ளிவிட்டாள், வாகனம் வந்தால் இழுத்துப் பிடித்தாள். எல்லாம் அந்தப் பக்கம் நின்றுதான். வீட்டுக்குள்ளும் அதுவே பழகிப்போயிற்று. அவள் பேசினால் பஸீர் வலப்பக்கச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். யாரும் தொடாமலே அவருடைய பொத்தான்கள் பூட்டிக்கொள்வதை ஊர் பார்த்துப் பழகிக்கொண்டது.

பிறகு ஒரு வலீமா, கல்யாண விருந்து, வந்தது. சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதை உண்ண வேண்டும். பஸீருடைய சஹனில் ஐந்து பேர்தான். அவருக்கு இடப்பக்கம் யாரும் வரவில்லை. ஆண்கள் பந்தியில் பெண் போய் இருப்பது வழக்கமில்லை. ஆனால் தெரிந்தால்தானே வழக்கம்? றாபியா போய் இருந்தாள். வீட்டில்போல விரலால் சோற்றைத் தள்ளிப் பார்த்தாள்; அது அடுத்தவர் பங்கோடு கலக்கப் பார்த்தது. பொதுத் தட்டைத் திருப்பினால் எல்லோருடைய பங்கும் சேர்ந்து திரும்பும். அவள் யோசிப்பதற்குள் பஸீர் தன் வலப்பாதியை முடித்துவிட்டு, வலப்பக்கத்திலிருந்த ஸக்கரியாவின் கோழித்துண்டில் கைவைத்தார். ஸக்கரியா மாப்பிள்ளைக்கு மாமா.

"இவனுக்குப் பொஞ்சாதி ஒருத்தி இல்லையா, பாத்துக்கொள்ள?" என்றார் ஸக்கரியா, எல்லோருக்கும் கேட்கும்படி.

பஸீர் கையை எடுக்காமல் யோசித்தார். "ஈந்தா. எங்கயோ பெய்ட்டா. கனநாளாக் காணல்ல. நல்ல மனுசி. நான் என்ன பிழை செஞ்சேனோ தெரியா."

றாபியாவின் முழங்கால் அவர் மேல் பட்டுக்கொண்டிருந்தது. ஊர்க்கண்ணுக்கு மறைந்த இடம் புருஷன் கண்ணுக்கும் மறைந்த இடம் என்பது அந்த நிமிஷம்வரை அவள் புத்தியில் ஏறவில்லை. டாக்டர் அவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. ஊரிடம் பட்ட வெட்கமெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது.

எழுந்து அவருடைய முதுகுப் பக்கமாகச் சுற்றி வலப்பக்கம் வந்தாள். முக்காடு நழுவ, விரல்களில் சோறு ஒட்டியிருக்க, ஆண்கள் பந்தியின் நடுவே ஒரு பெண் நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள். ஸக்கரியா வாயிலிருந்ததை விழுங்க மறந்து, நகர்ந்து இடம் விட்டார்.

"வந்துட்டியா?" என்றார் பஸீர். முகம் மலர்ந்துவிட்டது. "எங்க ஈந்த இவ்வளவு நாளா?"

"இங்கதான் ஈந்தேன்" என்றாள். சொல்ல வாய் கூசியது.

"தின்னியா?"

வெட்கம் போகவில்லை. பிடரியில் அத்தனை பார்வையும் சுட்டது. அப்படியே உட்கார்ந்து, சஹனின் தெரியாத பாதிக்குக் கையை நீட்டி, சோற்றை அள்ளி அவர் முன்னால் வைத்தாள். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து சோறும் இறைச்சியும் வருவதை மற்ற நால்வரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் பங்கை உண்ணத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ இனிப்புக்கு வட்டிலப்பம் இன்னும் வரவில்லையா என்று கேட்டார்.