மாசி மகத்தில் ஒரு போகி

என் அப்பா விஸ்வேஸ்வரன் திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், அவருடைய விசில் இன்னும் பெறவில்லை. குட்டையாக இரண்டு முறை ஊதினால் குனிந்து வேலையை ஆரம்பி என்று அர்த்தம். நீளமாக ஒரு முறை ஊதினால் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். குப்பையைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். எனக்கு வரன் பார்க்கப் புனேவுக்கு வந்த இடத்திலும் அரித்தது.

வரன் பார்க்க என்பதுகூடச் சரியில்லை. வரனை நானே பார்த்து வைத்திருந்தேன். பெயர் கேதார், என் ஆபீஸ்தான், புனே ஓரத்தில் இருக்கும் கராடி கிராமத்துக்காரன். நானும் ஆம்பூர் ஷபானாவும் குடியிருந்த அபார்ட்மெண்ட் பால்கனியில் நின்றால் அவன் வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி தெரியும். அந்தச் சிமெண்டுத் தொட்டியைப் பார்த்துப் பார்த்தே எனக்கு ஒரு வருஷம் ஆனந்தமாகப் போயிருந்தது. ஷபானா தலையில் அடித்துக்கொள்வாள்.

"பார்க்கறேன்னுதான் சொன்னேன், சரின்னு சொல்லலை" என்று அப்பா போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். கேதாரின் அப்பாவை ஊரே நானா என்று கூப்பிடும். அவரும் மராட்டியில் அதையேதான் சொன்னாராம். இரண்டு பெரியவர்களும் பார்த்து, இருவருக்கும் பிடித்தால்தான் எனக்குக் கல்யாணம். ஒருவர் முகம் சுளித்தாலும் நான் ஆயுசுக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பஞ்சாங்கம் பார்த்து, மாசி மகத்தன்று சாயங்காலம் பையன் வீட்டுக்குப் போகலாம் என்றார் அப்பா. 2007 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. கேதார் போனிலேயே குதித்தான். அன்றைக்குத்தான் அவர்கள் சந்தில் ஹோளித் தீ மூட்டுகிறார்களாம். எனக்குத் தெரிந்த ஹோளி ஆபீஸ் வாசலில் பூசிக்கொள்ளும் கலர்ப்பொடியோடு சரி. முந்தின நாள் தீ மூட்டுவார்கள் என்று காதில் விழுந்திருக்கிறது. அதற்கான விறகு எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்று யோசித்ததே இல்லை. போன வருஷம் அந்த வாரம் நான் திருச்சியில் இருந்தேன்.

வியாழக்கிழமை அம்மாவோடு வந்து இறங்கிய அப்பா, காபி குடித்த கையோடு கிராமம்வரை நடந்துவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ரோடாடி இது? டீ கப்பும் குட்கா பாக்கெட்டும்! சம்பந்தி ஆத்துக்குப் போற வழி இப்படியா இருக்கும்?"

சம்பந்தி! அவர் வாயிலிருந்தே வந்த வார்த்தை. நான் அதை விட்டுவிடவில்லை, பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில், அடுத்த நாள் அவர் அபார்ட்மெண்டில் இருந்த தமிழ்க்காரர்கள் வீட்டுக் கதவை எல்லாம் தட்டி, சனிக்கிழமை காலை சிரமதானத்துக்கு ஆள் சேர்த்தபோது தடுக்கத் தோன்றவில்லை. தடுத்திருந்தாலும் நின்றிருக்க மாட்டார்.

சனிக்கிழமை விடிந்தபோது ரோட்டோர அரசமரங்கள் முழுக்கச் செம்புத் தளிர். காற்றில் மாம்பூ வாசனை. ஐ.டி.க்காரர்களும் அவர்கள் மனைவிமார்களும் கையுறை மாட்டிக்கொண்டு, பொன்மலை ரயில்வே கலாசிகளைப் போல வரிசையாக நின்றார்கள். அப்பா குட்டையாக இரண்டு முறை ஊதினார். அத்தனை பேரும் குனிந்தோம். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. சாயங்காலம் கேதார் வீட்டுக்குப் போகிறோம் என்ற நினைப்பில், சாக்கடையில் கிடந்த செருப்பை எடுத்தபோதுகூடச் சிரித்தேன்.

"ஏய் தீப்தி, குப்பை பொறுக்குறப்போ இப்படிச் சிரிச்சா பைத்தியம்னு புடிச்சுட்டுப் போய்டுவாங்க" என்றாள் ஷபானா.

அள்ளியதை ஏற்றிச் செல்ல சவரிமுத்து டெம்போவோடு வந்திருந்தார். திண்டுக்கல்காரர். எங்கள் பில்டரிடம் வண்டி ஓட்டப் பொங்கல் கழிந்துதான் புனேவுக்குப் புதிதாக வந்திருந்தார்.

நானும் ஷபானாவும் பின்னால் கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருக்க, அப்பாவின் முன்படை கிராமத்துச் சந்து முனையை எட்டிவிட்டது. அங்கே ஓர் ஆள் உயரத்துக்குக் காய்ந்த கிளைகள், தென்னை மட்டைகள், உடைந்த நாற்காலி, கால் போன கட்டில், வரட்டி எல்லாம் குவிந்து கிடந்தன. அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன அக்கிரமம்! எத்தனை வருஷமா அள்ளாம கெடக்கோ. பாருங்கோ, நடுவுல ஆமணக்கே மொளைச்சு நிக்கறது!"

உண்மைதான், குவியலின் நடுவில் ஓர் ஆமணக்கு பச்சைப்பசேலென்று நின்றது.

"சார், வெறகு நல்லாக் காஞ்சுல்ல இருக்கு" என்று சவரிமுத்து தலையைச் சொறிந்தார். "யாராச்சும் அடுப்புக்குச் சேத்து வச்சிருப்பாகளோ?"

"ரோட்டுல கெடந்தா அது குப்பை. ஏத்துங்கோ."

ஏற்றினார்கள். அம்மா ராஜி அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கினாள். அப்பா சுற்றிலும் பிளீச்சிங் பவுடரால் வட்டமாக ஒரு கோடு போட்டார். காம்பஸ் வைத்துப் போட்டது போல இருந்தது. சவரிமுத்து மாநகராட்சிக் குப்பைக் கிடங்கில் கொட்டிவிட்டு, புல்டோசர் அதன்மேல் மண் தள்ளுவதையும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். அப்பா நீளமாக ஊதினார். வீட்டுக்கு வந்து எல்லோரும் இட்லி சாப்பிட்டோம்.

மூன்றாவது இட்லியில் கேதாரின் போன் வந்தது. ஹிந்தியில் கத்தினான்.

"தீப்தி, எங்கள் ஹோளியை எவனோ திருடிவிட்டான்! ஒரு வாரமாகச் சேர்த்த விறகு. பக்கத்துச் சந்துக்காரர்கள் தூக்கிவிடுவார்கள் என்று நானாவே ராத்திரி பூராவும் காவல் இருந்தார். விடிந்ததும் குளிக்கப் போன நேரத்தில் மொத்தமும் போய்விட்டது. நடுவில் பூஜைக்கு நட்டு வைத்த ஆமணக்கைக்கூட விடவில்லை!"

கையில் இருந்த இட்லியைத் தட்டில் வைத்தேன்.

"இதில் ஒரு வேடிக்கை. திருடிய இடத்தைக் கூட்டிச் சுத்தம் பண்ணி, ரங்கோலி மாதிரி வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். என்ன திமிர்! கையில் கிடைத்தால் நானா அவனை விட மாட்டார். சரி, சாயங்காலம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு."

போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். சட்னிக் கிண்ணத்தைத் தூக்கிய அம்மாவின் கை அப்படியே நின்றது. சவரிமுத்து, "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற முகத்தோடு மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. கூடவே, சத்தியமாக, சிரிப்பும் வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பண்டிகையையே டெம்போவில் ஏற்றிக் கொட்டிவிட்டு வந்த மாமனார் உலகத்தில் வேறு யாருக்கு வாய்ப்பார்?

"வாயே திறக்காதேங்கோ" என்றாள் அம்மா. "யாரும் பார்க்கலை. சாயங்காலம் வெத்தலை பாக்கோட போவோம், நாமளும் ஐயோ பாவம்னு கேட்டுண்டு வருவோம்."

நானும் வேகமாகத் தலையாட்டினேன். எனக்குக் கல்யாணம் முக்கியம்.

"அள்ளினது நான். நான்தான் சொல்லணும்" என்றார் அப்பா. "ஆனா வெறுங்கையோட போய்ச் சொல்லப்படாது."

அப்போதுதான் ஷபானாவுக்கு ஜனவரி ஞாபகம் வந்தது. போகிக்கு அபார்ட்மெண்டில் தீ மூட்டக் கூடாது என்று சொசைட்டிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். எரிக்க எடுத்து வைத்த பழைய சாமானெல்லாம் இன்னும் எல்லோர் வீட்டுப் பால்கனியிலும்தான் கிடக்கிறது.

"அங்கிள்! கொளுத்தாத போகி அப்படியே இருக்கு!"

அம்மா துள்ளி எழுந்தாள். ஒவ்வொரு தளமாக ஏறி இறங்கி, "போகிச் சாமான் எல்லாம் கீழே கொண்டு வாங்கோ, இன்னைக்குக் கொளுத்தலாம்" என்று கூவினாள். மாசி மகத்தன்று போகியா என்று யாரும் கேட்கவே இல்லை. கிழிந்த பாய், நார் போன கட்டில், பழைய முறம், அட்டைப்பெட்டி, ஆடுகிற கம்ப்யூட்டர் மேஜை என்று லிஃப்ட் லிஃப்டாக வந்து இறங்கியது. இரண்டாம் மாடி மாமி, மாமாவுக்குத் தெரியாமல் அவருடைய ஈஸி சேரையே தள்ளிக்கொண்டு வந்தாள். அப்பா கேட்டருகே நின்று ஒவ்வொன்றையும் பரிசோதித்தார். "பிளாஸ்டிக் ஆகாது, எடுத்துண்டு போங்கோ. பெயிண்ட் அடிச்சதா? வேண்டாம்." குற்றவாளிக்கு இருந்த கெடுபிடியைப் பார்க்க வேண்டுமே!

டெம்போ நிரம்பி வழிந்தது. சாயங்காலம் நாங்கள் பட்டுப்புடவையும் வேட்டியுமாக, அதன் பின்னால் ஊர்வலமாக நடந்தோம். காலையில் கூட்டிய ரோடு பளிச்சென்று இருந்தது. அப்பா வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். அவருக்குத் தெரிந்த ஹிந்தி ஸ்டேஷன் போர்டுகளோடு சரி. என்னிடம் கேட்டு ஒரே ஒரு வாக்கியம் மனப்பாடம் பண்ணியிருந்தார்.

சந்து முனையில் கூட்டம். காலி வட்டத்துக்கு அந்தப் பக்கம், பெரிய மீசையும் வெள்ளைத் தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான் நானா என்று பார்த்ததுமே தெரிந்தது. பக்கத்தில் அவர் மனைவி போளித் தட்டோடு நின்றாள். கேதார் எங்களைப் பார்த்துச் சிரித்தான். பின்னால் வந்த டெம்போவைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

அப்பா வட்டத்தின் ஓரத்தில் போய் நின்று கை கூப்பினார்.

"நமஸ்தே. ஹம் சோர்."

நான்தான் திருடன் என்று அவர் சொன்ன விதம், நான்தான் ஹெல்த் இன்ஸ்பெக்டர் என்பது போலவே இருந்தது. மீதியை நான் மராட்டியில் சொன்னேன். எங்கள் ஊரில் இப்படி வழக்கம் இல்லை, காலையில் விசில் ஊதி, வரிசையாக ஆள் நிறுத்தி ரோட்டைக் கூட்டினார், இதையும் குப்பை என்று நினைத்துவிட்டார், ஆமணக்கு தானாக முளைத்தது என்று நினைத்தார், அந்த வட்டம் ரங்கோலி இல்லை, கிருமி வராமல் போட்ட மருந்து. சொல்லச் சொல்ல என் குரல் தேய்ந்துகொண்டே போனது. நானா எழுந்தார். புறங்கையை வாயில் அடித்துக்கொண்டு, ஓஓஓ என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். தொலைந்தது கல்யாணம் என்று நினைத்தேன். சந்து முழுக்க அதே சத்தம் எழுந்தது, ஆண்கள் போடும் குலவை போல.

"பயப்படாதே. ஹோளியில் சந்தோஷம் வந்தால் இப்படித்தான் கத்துவோம்" என்று கேதார் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான். "ஹோளி விறகைத் திருடுவது இங்கே பெரிய வீரம். நானா வாலிபத்தில் பக்கத்து ஊர்க் கதவையே கழற்றிக்கொண்டு வந்தவர்."

நானா வயிறு குலுங்கச் சிரித்தார். "நாங்களெல்லாம் இருட்டில் திருடினோம். இவர் பட்டப்பகலில், விசில் ஊதி, வரிசையில் ஆள் நிறுத்தித் திருடியிருக்கிறார்! திருடிவிட்டுப் பெருக்கியும் வைத்திருக்கிறார்!" என்றார். எனக்குத் தலையும் காலும் புரியாமல் சந்தோஷம் பொங்கியது. அதற்குள் எல்லோரும் டெம்போவில் ஏறிச் சாமான்களை இறக்க ஆரம்பித்தார்கள். கேதார் இரண்டாம் மாடி மாமாவின் ஈஸி சேரைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தான். வட்டத்துக்குள் குவியல் பழையதைவிட உயரமாக எழும்பியது. யாரோ ஓடிப்போய்ப் புது ஆமணக்கு வெட்டிக்கொண்டு வந்து நட்டார்கள்.

நானா கையை உயர்த்தினார். "எங்கள் முறைப்படி இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எங்கள் ஹோளியைத் திருடியவர் வீட்டிலிருந்து ஒன்றை நாங்கள் எடுத்துக்கொள்வோம்."

"இப்படி ஒரு முறையை நான் கேள்விப்பட்டதே இல்லை" என்றான் கேதார்.

நானா என்னைச் சுட்டிக் காட்டினார். "இந்தப் பெண்ணை எடுத்துக்கொள்கிறோம்."

எனக்குத் தலை சுற்றியது. பறக்கலாம் போல இருந்தது. அதே சமயம் சுருக்கென்று கோபமும் வந்துவிட்டது, என் சுபாவம் அப்படி.

"நான் என்ன விறகா, எடுத்துக்கொண்டு போக?" என்று மராட்டியில் கேட்டே விட்டேன்.

கேதார் கண்ணை மூடிக்கொண்டான். பாஷை புரியாமலேயே அம்மா என் இடுப்பைக் கிள்ளினாள்.

"என்னடி சொல்றார்? நீ என்ன சொன்னே?" என்றார் அப்பா.

இரண்டையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்பா அப்போதுதான் கேதாரை நன்றாகப் பார்த்தார், தலை முதல் கால்வரை, பொன்மலையில் கேண்டீன் சமையலறையைப் பார்க்கிற மாதிரி. அவன் சட்டை முழுக்க எங்கள் அபார்ட்மெண்ட் ஒட்டடை.

"நன்னா வேலை செய்யறான்" என்று முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்தார். "அவர்கிட்ட சொல்லு. என் பொண்ணை யாரும் எடுத்துண்டு போக வேண்டாம். அவளுக்கு நடக்கத் தெரியும். இஷ்டம் இருந்தா அவளே வருவா."

அதை அப்படியே மராட்டியில் சொன்னேன். நானா கேட்டுக்கொண்டார். மீசையைத் தடவினார். தன் நாற்காலியை நகர்த்தி, மனைவிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டார்.

நான் குவியலைச் சுற்றி நடந்தேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நாலு தப்படிகூட இருக்காது.

"கோட்டை மிதிச்சு அழிச்சுடாதேடி" என்றார் அப்பா.

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோட்டை மிதிக்காமல் போய் அந்தப் பக்கம் நின்றேன். நானாவின் மனைவி போளித் தட்டை என் கையில் கொடுத்தாள். ஊரே வாயில் அடித்துக்கொண்டு கத்தியது. தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நானும் கத்தினேன், எல்லோரையும்விடச் சத்தமாக.

அந்த இரைச்சலையும் மீறி எதிர்ப்பக்கத்திலிருந்து அப்பாவின் விசில் ஒரே ஒரு முறை, நீளமாகக் கேட்டது.