சாட்சிக் கையெழுத்து

காலை ஏழரை மணிக்கு எலும்பு முறிவு வார்டில் முப்பத்திரண்டு கட்டில்கள், இரண்டு நர்சுகள். ஒருத்தி கட்டு மாற்றிக்கொண்டிருந்தால் இன்னொருத்தி ஊசியோடு ஓடுவாள். டாக்டர் வந்துவிட்டால் இருவரும் அவர் பின்னால் ஓட வேண்டும். மூத்தவளை வார்டே பெரியக்கா என்று கூப்பிட்டது. இளையவள் வேலைக்கு வந்து நான்கு வருஷமாகியும் சின்னவளாகவே இருந்தாள்.

கடும் வலிக்குப் போடும் மார்ஃபின் மட்டும் தனி அலமாரியில், இரட்டைப் பூட்டுக்குள் இருக்கும். ஒரு குப்பியில் பாதிதான் பெரும்பாலும் நோயாளிக்குப் போகும். மீதியை இரண்டு பேர் பார்க்கத் தொட்டியில் ஊற்றி, பதிவேட்டில் ஒருத்தி கையெழுத்திட, மற்றவள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். சட்டம் எழுதியவர்கள் வார்டில் வேலை பார்த்தவர்கள் இல்லை. ஷிஃப்ட் தொடங்கும்போதே சின்னவள் சாட்சிக் கட்டத்தில் நாலைந்து கையெழுத்துகளைப் போட்டு வைத்துவிடுவாள். எல்லா வார்டிலும் அப்படித்தான். நர்சுகளுக்கெல்லாம் தலைமையான மேட்ரனுக்கும் தெரியும்.

அன்று ஒன்பதாம் கட்டில் லாரி டிரைவர் அலறிக்கொண்டிருந்தார். இடுப்பெலும்பு உடைந்து, கம்பி வைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"இப்பத்தானே ஊசி போட்டாங்க, கொஞ்சம் பொறுங்கண்ணே," என்றாள் சின்னவள்.

"அரை மணி நேரமாச்சு சிஸ்டர். நேத்து போட்டதும் கண்ணு சொக்கிச்சு. இன்னிக்குப் பச்சைத்தண்ணியைக் குத்தின மாதிரி இருக்கு."

மனிதர் உதட்டைக் கடித்து ரத்தம் வரவைத்திருந்தார். சின்னவள் நாடியைப் பிடித்தாள், தறிகெட்டு ஓடியது. பதிவேட்டைத் திறந்தாள். கொடுத்தது பாதி, கொட்டியது பாதி. பக்கத்தில் மணிமணியாக அவளுடைய கையெழுத்து. பதிவேட்டை மூடிவிட்டுப் பெரியக்காவைத் தேடிப் போனாள்.

துணி அறையில் பெரியக்கா போர்வை அடுக்கின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்மணிகள் கடுகளவு சுருங்கியிருந்தன. புடவையைச் சரிசெய்துகொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. தொடையில் பழைய புள்ளிகளுக்கு நடுவே புதிதாக ஒரு துளி ரத்தம்.

"எத்தனை நாளா அக்கா?"

"ஏழெட்டு மாசம்." பெரியக்காவின் குரல் எங்கோ தூரத்தில் இருந்தது. "தொட்டியில ஊத்துறதைத்தான் எடுத்தேன். சத்தியமா அதைத்தான். வீணாப் போறதுதானேன்னு."

"இன்னிக்கு ஒன்பதாம் கட்டிலுக்குப் போட்டது?"

"மீதி மட்டும் பத்த மாட்டேங்குது கண்ணு," என்றாள் பெரியக்கா.

சின்னவளுக்குக் கோபம் வந்தது. கோபப்பட்ட மறுகணம் வெட்கமும் வந்தது. சின்னவளுடைய பிரசவத்தின்போது பதில் ஆள் போடமாட்டோம், வராவிட்டால் வேலை இல்லை என்று ஆபீஸ் சொன்னது. நாற்பது நாள் இரட்டை ஷிஃப்ட் பார்த்து அந்த வேலையைக் காப்பாற்றியவள் பெரியக்கா. அதில்தான் அவள் இடுப்பு போனது. மூன்று தடவை லீவு கேட்டாள். பெரிய டாக்டர் தாழ்வாரத்தில் நிற்கவைத்தே ஒரு வலி ஊசியைப் போட்டு, "போய் வேலையைப் பாரும்மா" என்றார். அன்று தாழ்வாரத்தில் போட்ட ஊசிதான் முதல் ஊசி.

ஒன்பதாம் கட்டிலிலிருந்து மறுபடி அலறல் கேட்டது. சின்னவள் அதற்குமேல் யோசிக்கவில்லை. பெரியக்காவுக்கு வைத்தியம் பார்ப்பார்கள் என்று உண்மையாகவே நம்பி, நேராக மேட்ரன் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். டிரைவருக்கு மேட்ரனே வந்து ஊசி போட்டாள். பத்து நிமிஷத்தில் அவர் தூங்கிப்போனார்.

விசாரணை மறுநாள் மதியம், சாப்பாட்டு வேளையில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் நிர்வாக அதிகாரியும் மேட்ரனும்; இந்தப் பக்கம் சின்னவள் உட்கார்ந்திருக்க, பெரியக்காவுக்கு மட்டும் நாற்காலி இல்லை. ஊசி இல்லாமல் ஒரு நாள் போயிருந்தது. மூக்கு ஒழுக, உடம்பு வெடவெடக்க, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூணு மாசம் லீவு குடுங்க மேடம். இது வியாதின்னு எனக்கே தெரியுது. சிகிச்சை எடுத்துட்டு வந்துடறேன்."

"திருடுறதுக்குப் பேரு வியாதியா?" என்றார் அதிகாரி.

"இடுப்புவலிக்கு லீவு கேட்டேனே சார்."

"அதை இப்ப பேசக் கூடாது."

மேட்ரன் சின்னவள் பக்கம் ஒரு காகிதத்தை நகர்த்தினாள். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. பதிவேட்டில் இருப்பவை தன் கையெழுத்துகளே அல்ல, மூத்த நர்ஸ் போலியாகப் போட்டவை என்று சின்னவள் சொல்வதாக எழுதியிருந்தது.

"முன்னாடியே போட்டு வச்சேன்னு சொன்னீன்னா உன்னையும் வேலையை விட்டு அனுப்பணும்," மேட்ரன் குரலைத் தாழ்த்தினாள். "அப்புறம் இன்னும் எந்தெந்த வார்டுல இப்படின்னு கேப்பாங்க, யாரு விட்டதுன்னு கேப்பாங்க. ஏன் வம்பு?"

வீட்டில் சம்பாதிக்கிற ஆள் சின்னவள் ஒருத்திதான். பேனாவை எடுத்தாள். அதைக் காகிதத்தில் வைக்காமலே பிடித்திருந்தாள். எல்லாரும் போடுகிறோம், ஆள் பற்றாமல்தான் போடுகிறோம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ஆமா சார், நான்தான் போட்டேன்." பெரியக்கா யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அவ கையெழுத்தும் நான்தான் போட்டேன். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

அதிகாரி எழுதிக்கொண்டார். சின்னவள் கையெழுத்துப் போட்டாள். அந்த ஒரு கையெழுத்தைப் போடத்தான் அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. மாலைக்குள் பெரியக்காவை வேலையிலிருந்து நீக்கியாயிற்று, போலீசுக்கும் எழுதியாயிற்று.

அடுத்த நாள் காலை மருந்து அலமாரிக்கு மேல் ஒரு கேமரா மாட்டினார்கள். வேறு ஆள் எப்போது வருவார் என்று சின்னவள் கேட்டாள். "பார்த்துட்டு இருக்கோம். அதுவரைக்கும் சமாளி," என்றாள் மேட்ரன்.

ஒன்பது மணிக்கு டிரைவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வைத்துவிடும். சின்னவள் கட்டில் தடுப்பை இறக்கினாள். வலி அடங்கி முகம் தெளிந்திருந்த டிரைவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பெரியக்கா வரலையா சிஸ்டர்?"

"இல்லண்ணே."

"அவங்க பிடிச்சுப் புரட்டினா வலியே தெரியாது. நாளைக்காச்சும் வருவாங்களா?"

சின்னவள் அவருடைய தோளுக்கடியில் ஒரு கையையும் இடுப்புக்கடியில் ஒரு கையையும் நுழைத்தாள். எதிர்ப்பக்கம் பிடிக்க யாரும் இல்லை. "மூச்சைப் பிடிச்சுக்கங்கண்ணே," என்று சொல்லிவிட்டு, குனிந்து, முழுப் பாரத்தையும் தன் இடுப்பில் வாங்கித் தூக்கினாள்.