பதினோரு நாள் விருந்தாளி

அன்பரசு ஆப்கானிஸ்தானுக்குப் போகப்போகிறான் என்று தெரிந்ததும் ஆரணியில் அவனுக்குத் திடீரென்று நூறு சித்தப்பன்கள் முளைத்தார்கள். ஒருத்தர் தாடி வளர்த்துக்கொண்டு போ என்றார். ஒருத்தர் இன்சூரன்ஸ் போட்டாயா என்று கேட்டார். டீக்கடையில் ஒருத்தர், அங்கே மனுஷன் குளிக்கவே மாட்டானாம் என்று நேரில் போய் முதுகு தேய்த்துவிட்டவர் மாதிரி அடித்துச் சொன்னார். அன்பரசு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நாற்பத்தெட்டு வயதுக்குள் அவன் நன்றாகக் கற்றுக்கொண்ட வித்தை அது.

விஷயம் சாதாரணமானதுதான். அவன் ஃபிட்டராக இருந்த அரிசி மில்லில் முதலாளி புது மெஷின்கள் இறக்கினார். உமி நீக்குகிற பழைய மெஷினையும் கல் பொறுக்குகிற பழைய மெஷினையும் துபாய் வியாபாரி ஒருவர் வாங்கி, ஆப்கானிஸ்தானில் மலைகளுக்கு நடுவே நெல் விளைகிற ஏதோ ஓர் ஊருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். மெஷினைப் பூட்டி ஓட்டிக்காட்ட ஆள் வரவேண்டும். இருபத்துநாலு வருஷமாக அந்த மெஷின் எங்கே இருமினாலும் மருந்து கொடுத்தவன் அன்பரசுதான். அதற்கு முன்னால் ராய்ச்சூர் மில்களில் இருந்ததில் உருதுவும் ஒப்பேற்றுகிற அளவுக்கு வரும். வேறு யாரை அனுப்புவார்கள்?

அவன் மனைவி அம்மணிக்கு மட்டும் மனசே இல்லை. நெசவுக்காரர் ஒருவருக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பவள் அவள். ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஒலகத்துல வேற எடமே கெடைக்கலியா உனுக்கு? டிவில பாத்துகினு தான இருக்கற. இன்னாத்துக்கு இந்த வேண்டாத வேல?"

"பத்து நாள்தான் அம்மணி."

"பத்து நாள்ல போற உசுரு போவாதா?"

அன்பரசு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: "நான் யாருன்னே தெரியாத ஒரு ஊர்ல இருந்து பாக்கணும். ஒரே ஒரு வாட்டி. அவ்ளோதான்."

அம்மணிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவளும் அதே காலனியில் பிறந்தவள்தானே. ராட்டையைத் திரும்பவும் சுற்ற ஆரம்பித்தாள்.

இப்போதெல்லாம் ஆரணியில் யாரும் யாரையும் வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை. நாகரிகம் வளர்ந்துவிட்டது. முதலாளி வீட்டுக்கு மோட்டார் பார்க்கப் போனால் கணக்குப்பிள்ளைக்கும் டிரைவருக்கும் சில்வர் டம்ளரில் காபி வரும், அன்பரசுக்குப் பேப்பர் கப்பில் வரும். "சூடா இருக்குது, பாத்துக் குடிப்பா" என்று கரிசனமும் கூடவே வரும். முதலாளி மகள் கல்யாணத்தன்று ஜெனரேட்டர் படுத்துவிட்டது. மூன்று மணி நேரம் அதன் அடியில் கிடந்து, மண்டபத்துக்கே வெளிச்சம் கொடுத்துவிட்டு எழுந்தான். பந்தியில் அறுநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியே ஓடி வந்து கையில் பையைக் கொடுத்தார். "உனுக்குன்னு ஸ்பெஷலா பார்சல் கட்டச் சொன்னேன் அன்பு. ஊட்டுக்குப் போயி ஆற அமர சாப்டு." அன்பரசு அதை நாகநதிப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டான். பாயசம் உட்பட எல்லாம் இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது.

இதிலிருந்து அவன் ஒரு தந்திரம் கற்றிருந்தான். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது. "பரவால்லீங்க, நான் அப்பறமா தனியா சாப்ட்டுக்கறேன்." இப்படி முந்திக்கொண்டால் அவர்களுக்கும் சங்கடமில்லை, நமக்கும் வலி பாதிதான். எத்தனையோ வருஷமாக இந்தத் தந்திரம் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

சென்னை, டெல்லி, காபூல் என்று விமானத்தில் போய், ஜலாலாபாத் வரை காரில் போய், அங்கிருந்து ஆற்றை ஒட்டிய மலைச்சாலையில் ஏழு மணி நேரம் குலுங்கினான். கூட வந்தவன் நசீர். மெஷின் வாங்கிய ஹாஜி தாவூதின் தம்பி. பெஷாவரில் பத்து வருஷம் லாரி ஓட்டியவன், அதனால் உருது பேசுவான். வழியெல்லாம் மொட்டை மலை. பச்சை என்பதே இனி கிடையாதோ என்று அன்பரசு நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு திருப்பத்தில் பள்ளத்தாக்கு திறந்தது. ஆறு. ஆற்றோரம் படிப்படியாக நெல் வயல். முற்றிய கதிர் தலை சாய்ந்து நின்றது. அத்தனை தூரம் வந்து நெல்லைப் பார்த்ததும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

ஊர் என்றால் ஒரு கடைத்தெரு, ஒரு மசூதி, மண் வீடுகள். ஹாஜி தாவூதுக்கு அறுபது வயது இருக்கும். நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, "உஸ்தாத்" என்று வாத்தியாரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு, அன்பரசுவைக் கட்டிக்கொண்டார். பயணத்து அழுக்கோடு நின்றவனை அப்படியே கட்டிக்கொண்டார். அன்பரசுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பெரிய அறையில் தரையில் நீளமாகத் துணி விரித்தார்கள். நடுவில் ஒரு பெரிய தாம்பாளம். மலைபோலச் சோறு, அதற்குள் கறி. ஒன்பது ஆண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அன்பரசு செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், வாசலோரம் உட்கார்ந்தான். ஹாஜி அறையின் மறுகோடியில் இருந்த மெத்தையைக் காட்டி வா வா என்று கையாட்டினார். அன்பரசு எழுந்திருக்கவில்லை. தாம்பாளத்தைப் பார்த்தான். ஒன்பது கைகள். தனித்தட்டு எங்குமே இல்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அவன் வாய் தானாக உருதுவில் பேசியது.

"நீங்கள் சாப்பிடுங்கள். நான் அப்புறம் தனியாகச் சாப்பிட்டுக்கொள்கிறேன்."

நசீர் அதைப் பஷ்தூவில் சொன்னான். சோற்றுக்கு மேல் நீண்டிருந்த ஹாஜியின் கை அந்தரத்தில் நின்றது. ஹாஜி அன்பரசுவை ஒரு கணம் பார்த்தார், பிறகு மெதுவாகத் தலையசைத்தார். புரிந்துகொண்டவரின் தலையசைப்பு.

அவ்வளவுதான். அன்று சாயங்காலத்திலிருந்து அன்பரசுக்குத் தனி அறை, தனித் தட்டு. தங்க விளிம்பு போட்ட புதுக் கோப்பை. வேளை தவறாமல் ஹாஜியே வெள்ளைத் துணியால் மூடிய தட்டைக் கொண்டு வந்து வைப்பார், நெஞ்சில் கை வைத்துக் குனிவார், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விடுவார்.

அன்பரசு அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? யார் சொல்லியிருப்பார்கள்? துபாய்க்காரரா, முதலாளியேதானா? அவனுக்கு விசா கிடைக்க நாலு மாசம் ஆனது. ஜாதிக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. அவனுக்கு முன்னாலேயே வந்து, பாய் விரித்துக் காத்திருந்திருக்கிறது.

மறுநாளே நசீர் டீசலும் பெல்ட்டும் வாங்க ஜலாலாபாத் போய்விட்டான். அதற்குப் பிறகு பேச ஆளே இல்லை. போனில் சிக்னலும் இல்லை. மில் கொட்டகையில் மூன்று பேர் அவனுக்கு உதவினார்கள். தூக்கு, இறக்கு, முறுக்கு எல்லாம் கை ஜாடையில் நடந்தது. நல்ல ஆட்கள். வேலையில் தோளோடு தோள் முட்டும். டீ வந்ததும் முதலில் அவனுக்கு அந்தப் புதுக் கோப்பையில் ஊற்றி வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவன் பார்த்தால் மரியாதையாகச் சிரிப்பார்கள். பேப்பர் கப் கொடுத்தவர்களும் மரியாதையாகத்தான் சிரித்தார்கள்.

சாப்பாடு இன்னொரு கொடுமை. அவன் தட்டில் பருப்பு, முட்டை, எப்போதாவது கோழி. பெரிய அறையிலிருந்து மாட்டுக்கறி வேகிற வாசனை வரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மணி மிளகு போட்டு வறுக்கிற அதே வாசனை. அவன் இங்கே பருப்பைப் பிசைவான். அங்கே ஒன்பது பேர் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். பேச்சு புரியாது. சிரிப்பு புரியும்.

ஏழாம் நாள் பையைத் திறந்து அம்மணி கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலத்தை எடுத்தான். அந்த மூன்று பேருக்கும் கொடுக்கலாம் என்று கொட்டகை வரை கொண்டுபோனான். கொடுத்து, அவர்கள் வாங்காமல் நெஞ்சில் கை வைத்துக் குனிந்துவிட்டால்? பொட்டலத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்து பைக்குள் வைத்தான். ஆரணியில் இருந்தவரை தனிமை என்றால் ஊரின் ஒரு பக்கம் மட்டும்தான். காலனிக்குத் திரும்பினால் சண்டை போடவாவது ஆள் இருக்கும். இங்கே நாலு பக்கமும் மலை. என்ன மசுத்துக்கு வந்தோம் என்று தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டான். தமிழ் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது.

பத்தாம் நாள் மெஷின் ஓடியது. பதினோராம் நாள் பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் கழுதைமேல் நெல் மூட்டை வந்தது. முதல் அரிசி விழுந்தபோது அன்பரசு ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்தான். குருணை குறைவு. கல் இல்லை. சுற்றி நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். ஹாஜி அந்த அரிசியிலேயே அங்கேயே சமைக்கச் சொன்னார். மல்பெரி மரத்தடியில் துணி விரித்து, நாலு தாம்பாளங்கள் வைத்தார்கள். பத்தடி தள்ளி, இன்னொரு மரத்தின் கீழ் ஒரு தனிக் கம்பளம் விரித்தார்கள். அதன்மேல் வெள்ளைத் துணி மூடிய தட்டும் தங்க விளிம்புக் கோப்பையும் இருந்தன.

அப்போதுதான் நசீர் காரோடு வந்து சேர்ந்தான். மலைச்சாலையை இருட்டுவதற்குள் தாண்ட வேண்டும், சாப்பிட்டதும் கிளம்பிவிடலாம் என்றான். அன்பரசு தட்டைத் தொடவில்லை. போகிற நேரத்தில் என்ன பயம் என்று துணிச்சல் வந்துவிட்டது.

"நசீர் பாய், ஒன்று கேட்க வேண்டும். என்னைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது?"

"எதைப் பற்றி?"

"என் ஜாதியைப் பற்றி."

நசீர் விழித்தான். "யாரும் சொல்ல வேண்டியதில்லையே. முதல் நாள் நீங்களே சொன்னீர்களே, தனியாகச் சாப்பிடுகிறேன் என்று. எங்கள் அப்பாவுக்கு ஜலாலாபாத்தில் ஓர் இந்து ஜவுளிக்காரர் சினேகம். பெரிய குலத்து மனிதர். எங்கள் வீட்டில் தண்ணீர்கூடத் தொடமாட்டார். நீங்களும் அந்த மாதிரிப் பெரிய குலம் என்று அண்ணன் அன்றைக்கே புரிந்துகொண்டார். உங்களுக்காகப் புதுப் பானை வாங்கினார். மாட்டுக்கறி பட்ட கை படக்கூடாது என்று தட்டை அவரேதான் கழுவுகிறார். ஏதாவது குறை நடந்துவிட்டதா?"

அன்பரசு அவனையே பார்த்தான். முதலில் ஒன்றும் ஏறவில்லை. ஏறியதும் சிரிப்பு வந்தது. பெரிய குலம்! அவனா? மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நாலு தாம்பாளத்திலும் கைகள் நின்றுவிட்டன, எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினோரு நாளாக யாரும் அவனைத் தள்ளி வைக்கவில்லை. அவனே கேட்டு வாங்கியது அது. கேட்டதை அவர்கள் தங்க விளிம்பு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"நான் அந்தப் பெரிய குலம் இல்லை," என்றான். "யார் கையால் அவர்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்களோ, அந்த ஆள் நான். என் ஊரில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். நீங்களும் மாட்டீர்கள் என்று நினைத்து முந்திக்கொண்டேன்."

நசீர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி பஷ்தூவில் சொன்னான். நீளமாகச் சொன்னான். ஹாஜி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களுக்கு என்ன வியாதி என்கிறார் அண்ணன்."

"வியாதி ஒன்றுமில்லை. பிறப்பு."

நசீர் சொன்னான். ஹாஜி மறுபடியும் கேட்டார். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

"பிறக்கும்போதே வந்த வியாதியா என்கிறார்."

நாற்பத்தெட்டு வருஷத்தை, அதற்கு முந்திய அப்பனையும் பாட்டனையும், எந்த மொழியில் போய் இந்த மனிதருக்கு விளக்குவது?

ஹாஜி எழுந்தார். பத்தடியையும் நடந்து வந்து அவன் எதிரில் குந்தி உட்கார்ந்தார். அவன் வலது கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைப் பார்த்தார். திருப்பிப் புறங்கையைப் பார்த்தார். விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தார். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது, வேறொன்றும் இல்லை. ஆட்டுச்சந்தையில் ஏமாந்துவிடக்கூடாது என்று பார்க்கிறவர் மாதிரி இன்னொரு தரமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பிடித்த கையை விடாமல் எழுந்தார். அன்பரசுவும் எழ வேண்டியதாயிற்று. ஹாஜி அவனைத் தாம்பாளத்தருகே இழுத்துக்கொண்டு போய், தன் இடத்தில் உட்காரவைத்தார்.

யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். அன்பரசு கை கழுவினான். ஐந்தாறு கைகள் பட்டுப் பள்ளமாகியிருந்த சோற்றில் கையை வைத்தான். சோறு சூடாக இருந்தது. பக்கத்தில் இருந்தவனின் விரல் அவன் விரலை இடித்தது. அந்த விரல் விலகவில்லை. தாம்பாளத்துக்கு நடுவிலிருந்து பெரிய மாட்டுக்கறித் துண்டாகப் பார்த்து ஹாஜி அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

அன்பரசு சாப்பிட்டான். குழந்தை மாதிரி அழுதுகொண்டே சாப்பிட்டான். யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். நசீர் ஒருமுறை வெயிலைப் பார்த்தான், காரைப் பார்த்தான், பிறகு தானும் தாம்பாளத்தில் கை வைத்தான். ஹாஜி ஏதோ கேட்டார்.

"அங்கே திரும்பிப் போனால் யாரோடு சாப்பிடுவீர்கள் என்கிறார்."

அன்பரசு யோசித்துப் பார்த்தான்.

"என் பொண்டாட்டியோடு," என்றான்.

ஹாஜி இன்னும் யார் பெயராவது வரும் என்று காத்திருந்தார்.