படம் மட்டும் தெளிவு

கண்ணாடிக் கடைக்காரருக்கு மங்கலான எதையும் பார்த்தால் ஆகாது. நாள் முழுதும் ஊரார் கண்ணுக்குத் தெளிவு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், டிவியோடு இணைத்திருந்த சர்வர் பெட்டியில் அவரே வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த தொடர்கள் அவர் மானத்தை வாங்கின. அதிலும் அந்த நர்ஸ் தொடர். தொலைக்காட்சியில் ஓடும்போது பதிவு செய்தது. முகங்களெல்லாம் மழையில் நனைந்த மாதிரி தெரியும். வெளிநாட்டுத் தொடரான அதன் நாயகிக்கு நம் மொழியில் குரல் கொடுத்தவள் அவர் மனைவி. டப்பிங் வேலையில் அவளுக்குக் கிடைத்த ஒரே பெரிய வேடம் அது.

நாளைக் காலை அவளுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. குரல்நாணில் கட்டி. பழைய குரல் திரும்புமா என்பதற்கு டாக்டர் கையை விரித்துவிட்டார். சிகிச்சை முடியும்வரை பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால், ஜாடையிலும் கிசுகிசுப்பிலும் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அவள் ஆசைப்பட்டது ஒன்றுதான். அந்தத் தொடரைக் கேட்க வேண்டும்.

"உக்காருங்க அத்தான். ராணியம்மா தர்பாருக்கு வந்தாச்சு," என்றாள் மனைவிக்குத் துணையாக வந்திருந்த அவள் தங்கை.

"இந்தத் தடவை பாரு. கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கும்."

புதிதாக வெளிவந்த டிஸ்குகளை வாங்கி, ஒவ்வொரு பகுதியையும் சர்வரில் ஏற்றி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அதே பெயரில் வைத்திருந்தார். அவளுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று மூச்சு விடவில்லை.

படம் பளிச்சென்று வந்தது. நர்ஸ் வாயைத் திறந்தாள். யாரோ ஒருத்தியின் குரல்.

"அக்கா, இது நீ இல்லையே."

அவர் அடுத்த பகுதியைப் போட்டார். அதற்கடுத்ததைப் போட்டார். எல்லாவற்றிலும் அதே குரல்தான். டிஸ்க் கம்பெனி வேறு ஆட்களை வைத்துப் புதிதாக டப்பிங் செய்திருந்தது.

"பழசு எங்க அத்தான்?"

"அழிச்சிட்டேன். இடம் பத்தல."

"மீட்க முடியாதா?"

"அந்த இடத்துல வேற தொடரை ஏத்திட்டேனே."

"கண்ணுக்கு மட்டும்தான் வைத்தியம் பாப்பீங்க போல..." என்று ஆரம்பித்த தங்கை, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விழுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

மனைவி கிசுகிசுத்தாள். "ஒவ்வொண்ணையும் போட்டுப் பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"கேக்கலையா?"

"நீ உள்ள படுத்திருந்த. தூக்கம் கலைஞ்சிடக்கூடாதுன்னு சத்தத்தை அணைச்சு வச்சுப் பாத்தேன்."

அவர் தெரிந்த ஒலிப்பதிவாளர் ஒருவரை அழைத்தார். அந்தத் தொடருக்கு டப்பிங் செய்த ஸ்டூடியோவை மூடி வெகு நாளாகிவிட்டது, அந்த ஒலிநாடாக்கள் எங்கே போயினவென்று யாருக்கும் தெரியாது என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு அவளைப் பார்க்கத் துணிவில்லாமல் நின்றார்.

"இத்தனை வருஷம் பக்கத்துல இருந்தீங்க." கிசுகிசுப்பு இல்லை. முழுக் குரல், ஓரத்தில் கொஞ்சம் பிசிறு. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"பேசாதம்மா. டாக்டர்..."

"டாக்டர் கிடக்கட்டும். படம் மங்கலா இருந்தா என்ன? அதுல நான் முகத்தையா காட்டினேன்? அந்தக் குரலுக்காகத்தானே நீங்க என்னைத் தேடி வந்தீங்க?"

அவர் கை போனை மறுபடி எடுத்தது. பதிவுப் பொத்தானை அழுத்தி அவள் பக்கம் நீட்டியது.

"என்ன பண்றீங்க?"

"பதிவு பண்றேன்."

"நான் திட்டறதையா?"

"உன் குரல்தானே. எனக்கு இது போதும். நீ எவ்வளவு வேணும்னாலும் திட்டு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். சிரிக்கவில்லை. வெளியே ஒரு லாரி இரைந்துகொண்டு போயிற்று. அவள் புருவம் தானாகச் சுருங்கியது.

"ஜன்னலைச் சாத்துங்க. வண்டிச் சத்தமெல்லாம் விழும்."

சாத்தினார்.

"அவ்வளவு கிட்ட பிடிக்காதீங்க, மூச்சு விழும். இன்னும் தள்ளி."

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினாள்.