இரண்டு கைக் கணக்கு

காலை ஆறு மணிக்கு ஏழு பிரஸ் மெஷின்களும் ஓடத் தொடங்கும்போது முதலில் தெரிவது சத்தம் அல்ல, செருப்புக்கு அடியில் தரையின் அதிர்வு. கருமத்தம்பட்டியில் முன்பு தறி ஓடிய நீளக் கொட்டகை அது. தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு முதலாளி லட்சுமணசாமி பிரஸ் மெஷின்களை இறக்கினார். பம்பு மோட்டாருக்குள் வயரைப் பிடித்து வைக்கும் இரும்பு கிளிப் செய்கிறோம்.

இடது கையால் தகட்டுத் துண்டை எடுத்து அச்சில் வைக்க வேண்டும். வலது கையால் பொத்தானை அழுத்த வேண்டும். இருபது டன் இறங்கி ஏறும். இடது கையால் கிளிப்பை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த துண்டு. விடிகாலைக் குளிரில் தகடு ஐஸ் போல இருக்கும். அச்சிலிருந்து வரும் கிளிப் சுடும். ஒரே கை ஏழு நொடிக்கு ஒருமுறை குளிரையும் சூட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும்.

உண்மையில் ஒவ்வொரு மெஷினிலும் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தான்மேல் இருந்தால் அச்சுக்குள் கை இருக்க முடியாது. ஆனால் அப்படி ஓட்டினால் எண்ணிக்கை வராது. கிளிப்புக்குப் பதினைந்து பைசா. அதனால் இடது பொத்தானைச் சைக்கிள் டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். வெட்டிய ரப்பர் பட்டைகள் சூப்பர்வைசர் தமிழ்ச்செல்வனின் மேசை டிராயரில் ஒரு டப்பா நிறைய இருக்கும். தினமும் காலையில் அவரே எடுத்துக் கொடுப்பார். கிளிப் வாங்கும் பம்பு கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு, அதாவது சோதனைக்கு, வரும் நாளில் மட்டும் ரப்பர்கள் டிராயரை விட்டு வராது. இதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. நானும்தான்.

என் பெயர் மோகனப்பிரியா. பி.எஸ்சி. இயற்பியல். மணிக்கொரு முறை ஒவ்வொரு மெஷினிலிருந்தும் ஒரு கிளிப்பை எடுத்து வெர்னியர் அளவுகோலில் அளப்பேன். ஓட்டுபவர் பெயர், நேரம், மெஷினின் கவுண்டர் காட்டும் எண்ணிக்கை மூன்றையும் சீட்டில் எழுதுவேன். யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு நாற்பதுக்கு மூன்றாவது மெஷினின் சத்தம் மட்டும் நின்றது. அலறல் எதுவும் இல்லை. அதை ஓட்டும் பாப்பாயி அக்கா தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதில் இல்லை. கவுண்டர் 347 காட்டியது. ஏன் அதைப் பார்த்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலாளி என்னை அழைத்தார். அவர் யாரையும் ஒருமையில் பேச மாட்டார்.

"அம்மணி, உங்க கையெழுத்து நல்லா இருக்குமுங்க. ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் வேணுமாம். நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

எழுதினேன். 'பாதுகாப்புப் பொத்தானை நானே என் விருப்பப்படி ரப்பரால் கட்டிவைத்து வேலை செய்தேன்' என்று பாப்பாயி அக்கா சொல்வதுபோல ஒரு வரி வந்தபோது பேனா ஒரு கணம் நின்றது. "எழுதுங்க அம்மணி, டாக்டர் காத்திருக்காரு" என்றார். எழுதிவிட்டேன். ஊசி மயக்கத்தில் இருந்த பாப்பாயி அக்கா கையெழுத்துப் போட்டார்.

"நல்லவேளை, வலது கை தப்பிச்சுதுங்க" என்று சொல்லி முதலாளி தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஆஸ்பத்திரியில் யாரிடமும் அதைக் கொடுத்ததை நான் பார்க்கவில்லை.

பதினொரு நாள் கழித்துப் பாப்பாயி அக்கா வீட்டுக்குப் போனேன். முதல் மெஷின் ஓட்டும் காளிச்சாமி அண்ணனும் ஐந்தாவது மெஷின் முகமது யூசுப் பாயும் அங்கே இருந்தார்கள். நான் வாசலில் நின்றதும் பேச்சு நின்றது. டி.வி.க்கு மேலே ஆப்பிள் பழம் நிறைந்த பை ஒன்று பிரிக்கப்படாமல் கிடந்தது.

"ஓனரு காத்தால வந்துட்டுப் போனாரு" என்றார் காளிச்சாமி, என்னிடம் அல்ல, சுவரிடம். "கணக்குப் போட்டுப் பாத்தாராமா. சட்டப்படி ஒரு பைசா வராதாமா. மனசு கேக்காம நாப்பதாயிரம் குடுக்கறாராமா."

"எந்தக் கணக்குங்கண்ணா?" என்றேன்.

"அது உனக்குத்தான தெரியும் கண்ணு" என்றார் பாப்பாயி அக்கா. கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தைபோல வைத்திருந்தார். "லெட்டரு நீதான எழுதுன? இப்ப வேவு பாக்க வந்தியா? எவ்வளவு குடுத்தாரு உனக்கு?"

 பையிலிருந்து தாளை எடுத்துத் தரையில் விரித்தேன். மூன்று இரவாகச் செல்போனில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் படித்து எழுதியது. எண்களைப் பற்றி என்றால் என்னால் பேச முடியும்.

மாதச் சம்பளத்தில் அறுபது சதவீதம். அதை வயதுக்கென்று சட்டம் வைத்திருக்கும் ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். வயது ஏற ஏற அந்த எண் குறையும். வரும் தொகையில், இழந்த உறுப்புக்கு எத்தனை சதவீதமோ அது நஷ்டஈடு. ஒரு கையில் இரண்டு விரலுக்கு இருபது.

"அக்கா மாசம் பதினாறாயிரத்துக்கு மேல வாங்கறாங்க. பதினஞ்சாயிரம் வரைக்கும்தான் கணக்குல எடுப்பாங்க. வயசு நாப்பத்திரண்டுன்னா மூணு லட்சத்து இருபத்தோராயிரத்துச் சொச்சம் வரும்."

யூசுப் பாய் சிரித்தார். "பதிவேட்டுல அவங்க சம்பளம் ஏழாயிரத்து ஐந்நூறு அம்மணி. மீதி கவர்ல வருது. கவருக்கு ஏது கணக்கு?"

"ஆதார்ல வயசு நாப்பத்தெட்டு" என்றார் காளிச்சாமி. "எழுதுறவன் கேட்டப்ப இவிய ஒரு குத்துமதிப்பா சொல்லிப்போட்டாங்க."

அதையும் போட்டு வைத்திருந்தேன். ஏழாயிரத்து ஐந்நூறு, நாற்பத்தெட்டு வயது: ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம். பாதிக்கும் கீழே. விரல்கள் அதே இரண்டுதான்.

"அப்பக்கூட ஒரு லட்சத்துக்கு மேல வருதே. அப்பறம் எப்படி ஒரு பைசா வராதுங்கறாரு?" என்று கேட்டுக்கொண்டே பாப்பாயி அக்கா முதல்முறையாகத் தாளைப் பார்த்தார்.

அதைத்தான் சொல்ல வந்திருந்தேன். சொல்லக் கூச்சமாக இருந்தது.

"பாதுகாப்புக்கு வெச்சத தொழிலாளி தெரிஞ்சே, வேணும்னே நீக்குனா, இந்த மாதிரிக் காயத்துக்கு முதலாளி குடுக்க வேண்டியதில்லைன்னு சட்டத்துல இருக்குதுங்க. அதுக்குத்தான் அந்த லெட்டர். நான் எழுதுனது."

 பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

நான் இன்னொரு தாளை எடுத்தேன். வரைபடத் தாள். என் இன்ஸ்பெக்ஷன் சீட்டுகளிலிருந்து ஒரு வருஷத்து எண்ணிக்கையைப் புள்ளிகளாகக் குறித்திருந்தேன். எந்தக் கிளிப்பை எந்த நிமிஷம் யார் அடித்தார்கள் என்று பம்பு கம்பெனி கேட்கும் என்பதால் அந்தச் சீட்டுகளை எங்கள் ஆபீஸ் ஃபைலில் பத்திரமாகக் கோத்து வைக்கிறார்கள். கிளிப்பின் வரலாறு முழுவதும் அங்கே இருக்கிறது. அதை அடித்தவரின் கூலி மட்டும் எங்கும் இல்லை.

"இதைப் பதினஞ்சு பைசாவால பெருக்கினா உங்க சம்பளம் வந்துருமுங்க்கா. உங்க பேரோட."

பிறகு புள்ளிகளைக் காட்டினேன். ஒவ்வொரு மெஷினும் ஒரு ஷிப்டுக்கு நாலாயிரத்து இருநூறு சுமார். வருஷத்தில் நாலே நாள் மட்டும் ஏழும் ஒன்றுபோல இரண்டாயிரத்து அறுநூறுக்கு இறங்கியிருந்தன.

காளிச்சாமி விரலை வைத்தார். "ஆடிட்டு நாளு."

"ஆமாங்க. ரெண்டு கையில ஓட்டுனா அவ்வளவுதான் வரும். மத்த நாள்ல ஏழு மெஷின்லயும் ரப்பர் இருந்துருக்கு. அக்கா தன் இஷ்டத்துக்குக் கட்டலைங்கறதுக்கு இதுதான் சாட்சி. ஆனா எண்ணு தானா பேசாதுங்கண்ணா. நீங்க ஆறு பேரும் 'என்ற மெஷின்லயும் கட்டியிருந்துது, சூப்பர்வைசர்தான் குடுத்தாரு'ன்னு எழுதிக் குடுக்கோணும்."

"குடுத்தா அத வெச்சே எங்களை வெளிய தள்ளுவாரு" என்றார் யூசுப் பாய். அவர் கண் என்னை விட்டு நகரவில்லை. "இது அவரே சொல்லி அனுப்புன வேலையா இருந்தா? இந்தப் புள்ள ஆபீஸ் ரூம்ல டீ குடிக்குது. நாம மெஷின்கிட்ட குடிக்கறோம்."

அவர் சொன்னது சரிதான். அந்த நிலையில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பேனாவை எடுத்து, அவர்கள் முன்னாலேயே, அந்தக் கடிதத்தை முதலாளி சொல்லச் சொல்ல நான் எழுதினேன் என்றும், பாப்பாயிக்கு அது வாசித்துக் காட்டப்படவில்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். என் பதினோராயிரம் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு வாடகை. 

யூசுப் பாய் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும்."

திங்கட்கிழமை நாலு பேரும் முதலாளியின் அறைக்குப் போனோம். தமிழ்ச்செல்வன் பீரோ ஓரமாக நின்றார்.

"வாங்க பாப்பாயி, வாங்க. வலி தேவலைங்களா? ஆப்பிள் சாப்பிட்டீங்களா?"

"ஆப்பிள நறுக்க ரெண்டு கை வேணுமுங்க" என்றார் பாப்பாயி அக்கா.

முதலாளியின் சிரிப்பு அப்படியே இருந்தது. "நாப்பதாயிரம் ரெடியா இருக்குதுங்க. பொத்தானைக் கட்டுனது நீங்க. நீங்களே எழுதிக் குடுத்திருக்கறீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"ரப்பரு யாரு குடுத்தாங்க?" என்றார் காளிச்சாமி.

"எந்த ரப்பருங்க?"

"தமிழ்ச்செல்வன் டிராயர்ல ஒரு டப்பா இருக்குமுங்க."

"தமிழு, டிராயரத் தொறந்து காட்டுங்க."

பிஸ்கட் பாக்கெட்டும் கத்தரியும் இருந்தன. டப்பா இல்லை. தமிழ்ச்செல்வன் தரையைப் பார்த்தார்.

"டப்பாவ எடுத்துட்டீங்க. மெஷின்ல கட்டுனத மறந்துட்டீங்களே" என்றார் காளிச்சாமி. "இப்பவும் என்ற மெஷின்ல இருக்குதுங்க."

"அப்படிங்களா?" முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப நீங்களும் விதிய மீறியிருக்கறீங்க. எழுதிக் குடுங்க. கணக்கு முடிச்சு அனுப்பிடறேன். யூசுப், உங்களுக்கும் ஒரு பேப்பர் வேணுங்களா?"

யூசுப் பாய் தொண்டையைச் செருமினார். "வேணுங்க. ஆறு பேப்பர் குடுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். குரல் இன்னும் மெதுவானது. "இன்ஸ்பெக்ஷன் ஃபைலைப் புரட்டறீங்கன்னு கேள்விப்பட்டேன் அம்மணி. அது கஸ்டமர் பேப்பருங்க. இனிமே என் பீரோவுலதான் இருக்கும். போட்டோ கீட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. என் கூச்சம் எனக்கு உதவியாக இருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனை போட்டோ, யாரிடம் என்று எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அன்று மாலை கோயம்புத்தூர் தொழிலாளர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தோம். ஆறு வாக்குமூலங்களில் ஐந்துதான் கையில் இருந்தன. மூன்றாவது மெஷினுக்கு நாலு நாளுக்கு முன்தான் பிரீத்திகா என்ற பெண் வந்திருந்தாள். தமிழ்ச்செல்வனுக்குச் சொந்தம் என்பதால் அவளிடம் கேட்கவே இல்லை. இரண்டாவது மெஷின் ஓட்டுபவருக்குச் சீட்டுப் பணத் தவணை பாக்கி, வேலை போய்விடும் என்ற பயம். பிறகு பார்க்கலாம் என்றார். விசாரணை அடுத்த மாதம் என்று தேதி போட்டுக் கொடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பாப்பாயி அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். சோமனூர்ப் பிரிவு நெருங்கியது. பிறகு ஒற்றைக் கையால் மஞ்சப்பையைத் துழாவி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பழுப்புத் தாள் ஒன்றை எடுத்தார். ஐந்தாம் வகுப்புச் சர்டிபிகேட்.

"அன்னிக்கே ஊட்டுல இருந்துது. உன்னைய நம்பாம எடுக்கல" என்றார். பிறந்த வருஷத்தைக் கணக்கிட்டேன். நாற்பத்திரண்டு.

மறுநாள் காலை ஆறு மணி. தகடுகள் ஐஸ் போல இருந்தன. காளிச்சாமி பேன்ட் பையிலிருந்து பிளேடை எடுத்துத் தன் மெஷினில் முந்தின நாளிலிருந்தே கட்டியிருந்த ரப்பரை அறுத்தார். யூசுப் பாய் அறுத்தார். நாலாவது, ஆறாவது, ஏழாவது. கடைசியில் இரண்டாவதும், யாரையும் பார்க்காமல். இரண்டு கையையும் இரண்டு பொத்தானில் வைத்து ஓட்டத் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் அன்றைய கூலியில் இருநூற்று நாற்பது ரூபாய் போகும். 

தரையின் அதிர்வு மாறியது. ஆறு மெஷின்கள் நிதானமாக. மூன்றாவது மட்டும் பழைய வேகத்தில்.

தமிழ்ச்செல்வன் ஓடி வந்தார். "என்னங்கண்ணா இது? எண்ணிக்கை?"

"ஆடிட்டு நாளுன்னு நெனச்சுக்க தமிழு" என்றார் காளிச்சாமி.

மூன்றாவது மெஷினின் சத்தம் நின்றது.

எல்லாரும் திரும்பினார்கள்.  அதே இடம், ஏறக்குறைய அதே நேரம். பிரீத்திகா குனிந்திருந்தாள். அவள் கை தெரியவில்லை.

அவள் நிமிர்ந்தாள். பல்லால் கடித்து இழுத்த ரப்பர் பட்டை வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தகட்டுப் பெட்டிக்குள் எறிந்தாள்.

"சித்தப்பா, ரெண்டு கையில எப்படி ஓட்டறதுன்னு எனக்கு நீங்க சொல்லியே குடுக்கலைங்க" என்றாள்.

காளிச்சாமி தன் மெஷினை நிறுத்திவிட்டுப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

ஏழு மணிக்கு நான் வெர்னியரோடு சுற்றி வந்தேன். முதல் மெஷின், காளிச்சாமி, முந்நூற்று ஐந்து. ஐந்தாவது, முகமது யூசுப், முந்நூற்று இருபத்தொன்று. எழுதிக்கொண்டே போனேன். எதிர் டீக்கடை பெஞ்சில் பாப்பாயி அக்கா உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. இங்கிருந்து போகும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மடியில் வலது கை, ஒவ்வோர் அடிக்கும் ஒரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தது.

முதலாளியின் கார் கேட்டுக்குள் நுழைந்தது. யாரும் வேகத்தைக் கூட்டவில்லை.