உள்ளங்கை அறியாத சூடு

நாயைக் கொண்டுவந்து விட்டபோது துசியந்தன் ஓட்டோவை விட்டு இறங்கவில்லை. சங்கிலியை மட்டும் வெளியே நீட்டினான்.

"பிள்ளையைக் கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குக் கொண்டு போறம், அண்ணை. வர ரெண்டு கிழமை செல்லும். ரொமியைப் பாத்துக்கொள்ளுவியளோ?"

இரண்டு வருடங்களில் தம்பி அவரோடு பேசிய முதல் வார்த்தை அது. கடற்கரையில் யாருடைய கரைவலை முதலில் இறங்குவது என்று தொடங்கிய வாய்ச்சண்டை, கோயில் வாசலில் ஊர் பார்க்கக் கைகலப்பாகி, அன்றோடு இருவரும் முகம் பார்க்காமல் போனவர்கள். பூசைக்கு வந்தாலும் ஒருவர் இந்தப் பக்கக் கதவால், மற்றவர் அந்தப் பக்கக் கதவால். யாகப்பு சங்கிலியை இரண்டு கைகளாலும் வாங்கினார்.

"நீ ஒண்டுக்கும் யோசியாமல் போ. பிள்ளைக்குக் கண் சுகமாகட்டும். நான் பாக்கிறன்."

ஓட்டோவின் உள்ளிருந்து நிரோசினி கத்தினாள். "பெரியப்பா, அவனுக்குப் பிஸ்கற் விருப்பம்!"

அதைச் சொல்லியிருக்கவே தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளை தன் பிஸ்கற்றில் பாதியைக் கொடுத்து வளர்த்த நாய். நடந்தால் வயிறு இரண்டு பக்கமும் ஆடியது. அந்தக் கிழமை ஊருக்குத் தடுப்பூசி போட வந்த மிருக வைத்தியர் கமலாட்சி அதைத் தூக்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது நாயோ, நெல்லு மூட்டையோ? கொழுப்பு இருதயத்தைப் பிடிச்சிடும், ஐயா. நடக்க வையுங்கோ. ஆனால் விடிய, இல்லாட்டிப் பொழுதுபட. கச்சான் சுடுகாத்து அடிக்கிற காலம், பகலில நிலம் நெருப்பு. வெளிக்கிட முதல் கையை நிலத்தில வைச்சுப் பத்து எண்ணுங்கோ. வைச்சிருக்க ஏலாட்டி நாய்க்கும் ஏலாது."

யாகப்பு அதை மனதில் பதித்துக்கொண்டார். சிக்கல் நேரத்தில்தான் இருந்தது. விடிய அவர் வலை எடுக்கக் கடலுக்குப் போயிருப்பார், பொழுதுபடுகையில் வலை போடப் போயிருப்பார். நடுவில் மிஞ்சுவது பத்து, பதினொரு மணி.

"பின்னேரத்தில நான் கூட்டிக்கொண்டு போறனே" என்றார் மனைவி யூலிற்றா.

"உன்னை இழுத்து விழுத்திப்போடும். தம்பி என்னட்டை எல்லே தந்தவன்?"

அந்த 'என்னட்டை'யில் இருந்த பெருமையை யூலிற்றா கண்டார். இரண்டு வருடம் வாடியிருந்த மனுசனின் முகம் இப்போதுதான் மலர்ந்திருக்கிறது. அதைக் கெடுக்க மனமில்லாமல் பேசாமல் இருந்துவிட்டார். ஒருவரில் வைத்த அன்பினால் வாயை மூடிக்கொள்வதும் சில வேளைகளில் பிழையாகிவிடுகிறது.

நேரம் தவறினாலும், வைத்தியர் சொன்ன கைச் சோதனையை யாகப்பு ஒரு நாளும் தவறவிடவில்லை. வாசலில் குந்தி, உள்ளங்கையை மணலில் அழுத்துவார். பத்து எண்ணுவதற்குப் பதிலாக, ஒரு அருள்நிறைந்த மரியே மந்திரத்தை அவசரமில்லாமல் சொல்லி முடிப்பார். கை இளஞ்சூடாக இருக்கும், அவ்வளவுதான். "மாதா காவல், வாடா ரொமி" என்று புறப்படுவார். இரண்டு நாட்கள் வளவுக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் நடந்தார்கள். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, அந்தோனியார் சிற்றாலயம் வரை போய்வர நினைத்தார். பிள்ளையின் கண்ணுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும். அரை மைல் தார் றோட்டு, பிறகு மணல்.

போகும்போதே நாய் காலை மாற்றி மாற்றி வைத்தது. யாகப்பு அதை விளையாட்டு என்று நினைத்தார். திரும்பி வரும் வழியில், கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலுக்குள் புகுந்து படுத்துவிட்டது.

"எழும்பு. பிஸ்கற் திண்டு வந்த பஞ்சி, சோம்பல் எல்லாத்தையும் இண்டைக்கு எடுக்கிறன்."

சங்கிலியை இழுத்தார். அது எழுந்தது. அவர் சொன்னார் என்பதற்காகவே எழுந்தது. இருபது அடி வந்ததும் பின்னங்கால்கள் மடிந்தன. நாக்கு தடித்து ஒரு பக்கமாகத் தொங்க, வாயிலிருந்து பசை போல எச்சில் வழிந்தது. கண் அவரைப் பார்க்கவில்லை.

"ஐயோ, யேசுவே!"

நெஞ்சு நோவுக்காரரான அவர் அந்தப் பாரத்தை எப்படித் தூக்கினார் என்று அவருக்கே தெரியாது. தூக்கியபோதுதான் பாதங்களைக் கண்டார். கறுத்த தோல் உரிந்து, உள்ளே சிவப்பாக இருந்தது. நெஞ்சோடு அணைத்தபடி ஓடினார். வீட்டுக்கு முன்னால், மீன் ஏற்றும் லொறியில் வந்திருந்த ஜெனோசன் ஐஸ் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான்.

"யாகப்பண்ணை, இதுக்குள்ள போடுங்கோ! மீனே இந்த வெய்யிலுக்கு ஐஸில்லாமல் நிக்காது."

"மீன் செத்தபிறகு போறதடா அதுக்குள்ள" என்று சத்தம் போட்டபடி யூலிற்றா வைத்தியருக்கு எடுத்த போனோடு ஓடிவந்தார். வைத்தியரின் குரல் போனுக்குள் கேட்டது.

"ஐஸ் வேண்டாம். கிணத்துத் தண்ணியை வயித்திலயும் தொடையிலயும் காலிலயும் ஊத்துங்கோ. விடாமல் காத்து வர விசுக்குங்கோ. நனைச்ச சாக்குப் போத்தவேண்டாம், சூடு வெளியேறாது. வாய்க்குள்ள தண்ணி பருக்க வேண்டாம். தானா நக்கினால் நக்கட்டும்."

யாகப்பு நாயை வாசல் மணலில் கிடத்தப் போனார். இடம் பார்க்கக் கையை ஊன்றிய யூலிற்றா துள்ளிக் கையை இழுத்தார்.

"இதிலயோ? சுடுது! நிழலுக்குக் கொண்டு வாங்கோ!"

அவர் கை பட்ட அதே இடத்தில் யாகப்புவும் உள்ளங்கையை வைத்தார். அதே இளஞ்சூடுதான். யூலிற்றாவின் சிவந்த விரல்களைப் பார்த்தார். தன் கையைத் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருடம் வலைக்கயிறு இழுத்து இழுத்து மாட்டுத்தோல் போல மரத்துப்போன கை. மாதாவைச் சாட்சி வைத்து மூன்று நாட்களாக இந்தக் கையிடமா கேட்டார்? நாயை வேப்பமர நிழலுக்குத் தூக்கினார்.

யூலிற்றா தண்ணீர் ஊற்றினார். ஜெனோசன் மீன்பெட்டி மட்டையால் விசுக்கினான். கனநேரம் கழித்து மூச்சின் வேகம் கொஞ்சம் குறைந்தது. நாக்கு ஒருமுறை ஈரத்தைத் தேடியது. லொறியின் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஜெனோசனே அவர்களை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு போனான். ஏற்றிய ஐஸ் கரைந்து பின்னால் வழிந்ததை அவன் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கமலாட்சி பாதங்களுக்குக் கட்டுப் போட்டு, சேலைன் ஏற்றினார். ஏசவில்லை. ஏசியிருந்தால் யாகப்புவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இப்ப ஒண்டும் சொல்லேலாது, ஐயா. உள்ளுக்கு என்ன பழுதெண்டு ரெண்டு நாள் போகத்தான் தெரியும்."

மணி இரண்டாகிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு நிரோசினி தினமும் போன் எடுப்பாள். ரொமி என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான் என்று கேட்பாள்.

"பாம்பு கடிச்சதெண்டு சொல்லுங்கோ, அண்ணை" என்றான் ஜெனோசன் மெதுவாக. "வெய்யில் காலம்தானே, ஆர் கேக்கப் போறாங்கள்? திரும்பவும் அந்தச் சண்டை வேணுமோ உங்களுக்கு?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யாகப்பு வாங்குப் பலகையில் இருந்தபடி அந்தப் பாம்பை ஒரு கணம் மனதுக்குள் பார்த்தார். நல்ல பாம்பு. பழி எல்லாவற்றையும் அது கொண்டு போய்விடும், தம்பி வீட்டு வாசல் திறந்தே இருக்கும். பிறகு நாயின் கட்டுப்போட்ட கால்களைப் பார்த்தார்.

பிள்ளை எடுக்கும் வரை காத்திருக்காமல் தானே தம்பிக்கு எடுத்தார்.

"துசி, பிள்ளைக்குப் பக்கத்தில நிண்டால் வெளியில வா."

"என்ன அண்ணை?"

"ரொமியை வெய்யிலுக்குள்ள நடத்திக் கொல்லப் பாத்திட்டன்." கையை வைத்துப் பார்த்ததை, கை பொய் சொன்னதை, படுத்த நாயை இழுத்து எழுப்பியதை, ஆலயத்தடியிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடிவந்ததை, ஒன்றையும் விடாமல் சொன்னார். "பஞ்சியெண்டு ஏசினனான், துசி. அது பாவம், எழும்பி வந்தது. பிழைக்குமோ தெரியாது. நீ என்ன சொன்னாலும் நான் கேக்கிறன்."

அந்தப் பக்கம் கொழும்பு வாகனங்கள் இரைந்தன. யாகப்பு கண்ணை மூடிக்கொண்டார்.

"அவ்வளவு தூரமும் தூக்கிக்கொண்டோ வந்தனீங்கள்?" என்றான் துசியந்தன்.

"ஓம்."

"அந்தப் பாரத்தை? உங்கட நெஞ்சு நோவோட?" அவன் குரலில் கோபம் இருந்தது. ஆனால் அது கோபம் மட்டுமல்ல. "நான் விசரன். விடியப்புறம் மட்டும்தான் நடக்கிறதெண்டு சொல்லித் தந்திருக்க வேணும். சங்கிலியை நீட்டிப்போட்டு ஓடினனான், உங்களோட நிண்டு கதைக்க வெக்கத்தில. நீங்கள் ஏதும் தண்ணி குடிச்சனீங்களோ?"

யூலிற்றா யாகப்புவின் முதுகில் கை வைத்தார்.

"பிள்ளைக்கு என்னடா சொல்லப்போறாய்?" என்று கேட்டார் யாகப்பு.

"கண்ணில கட்டு. அழக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். ரொமிக்குச் சுகமில்லை, பெரியப்பா பக்கத்தில இருக்கிறார் எண்டு சொல்லுறன். அது உண்மைதானே?"

"ஓம். இஞ்சதான் இருக்கிறன். எங்கயும் போகமாட்டன்."

"அப்ப போனை அதின்ர வாயடியில பிடியுங்கோ, அண்ணை. மூச்சு வருதோ எண்டு கேட்டிட்டு உள்ளுக்குப் போறன்."

யாகப்பு சீமெந்து நிலத்தில் முழந்தாளிட்டு, போனை நாயின் மூக்கருகே கொண்டு போனார். ஒழுங்கில்லாத, சின்ன மூச்சு. ஒன்று வந்து, அடுத்தது வரத் தாமதித்தது. கொழும்பில் ஒருவரும் இங்கே ஒருவருமாக அண்ணனும் தம்பியும் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தார்கள்.